குளியலறைச் சுவரின் பழைய ரைல்ஸ்: சுத்தியலை எடுக்குமுன் அறிய வேண்டியவை



இந்த மாத உரை வீட்டுத் திருத்த வேலை பற்றியது. அதிலும் ஒரேயொரு வேலையைத்தான் எடுத்துக் கொள்கிறோம். குளியலறையிலோ குசினியிலோ சுவரில் ஒட்டியிருக்கும் பழைய ரைல்ஸைக் கழற்றுவது எப்படி, அதற்கு முன் எவற்றைப் பார்க்க வேண்டும் என்பதே விடயம். பார்வைக்கு இது சின்ன வேலை. ஒரு சுத்தியல், ஒரு உளி, இரண்டு நண்பர்கள், ஒரு சனிக்கிழமை போதும் என்றுதான் எம்மவர்களில் பலர் நினைக்கிறோம். சில வீடுகளில் அது உண்மையும்கூட. ஆனால் எந்த வீட்டில் அது உண்மை, எந்த வீட்டில் அது ஆபத்து என்பதை வெளியில் தெரியும் ரைலைப் பார்த்துச் சொல்ல முடியாது. ரைலுக்குப் பின்னால் இருக்கும் பசையும் சுவரும்தான் அதைத் தீர்மானிக்கின்றன.

எமது வீடுகளின் வயது

1980களின் நடுப்பகுதியில் இருந்து ஈழத்தமிழர்கள் அகதிகளாக டென்மார்க்குக்கு வந்து, யூலண்டின் சிறு நகரங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். கிரின்ஸ்டெட்டும் அப்படியான ஒரு நகரம். முதலில் வாடகை வீடு, பிறகு வேலை, பிறகு வங்கிக் கடன், அதன்பின் சொந்த வீடு என்று படிப்படியாக வந்த குடும்பங்கள் ஏராளம். கையில் இருக்கும் காசுக்கு ஏற்ற வீடு என்று தேடும்போது கிடைப்பது பெரும்பாலும் ஒரு மாடிகூட இல்லாத, செங்கல் கட்டிய, சுற்றிவரப் புல்தரையுள்ள வீடு. டெனிஷில் பார்சல்கூஸ் என்பார்கள். 1960க்கும் 1979க்கும் இடையில் டென்மார்க் முழுவதும் ஏறக்குறைய 450,000 பார்சல்கூஸ் கட்டப்பட்டன. நாட்டின் வீடமைப்பு வரலாற்றில் அவ்வளவு வேகமாக வீடு கட்டிய காலம் வேறில்லை.

அந்த வீடுகள் உறுதியானவை. ஆனால் அவை கட்டப்பட்ட காலத்தில் கட்டிடப் பொருட்களில் என்னென்ன கலந்தார்கள் என்பதுதான் இன்று எமக்குரிய கேள்வி. வீடு வாங்கியவுடன் முதலில் மாற்ற ஆசைப்படுவது குளியலறையும் குசினியும்தான். பழுப்பும் பச்சையுமாக இருக்கும் அந்தக் காலத்து ரைல்ஸைப் பார்த்துக்கொண்டு வாழ யாருக்கும் விருப்பமில்லை. அதனால்தான் இந்தக் கேள்வி நேராக எங்கள் வீட்டுக்குள் வருகிறது.

பசைக்குள் இருப்பது

அஸ்பெஸ்டஸ் என்ற சொல் எங்களுக்குப் புதிதல்ல. ஊரில் கூரைக்குப் போட்ட சீற்றைத்தான் அந்தப் பெயரால் அறிவோம். அது ஒரு கனிமம். மெல்லிய நார்களாகப் பிரியும், நெருப்பில் எரியாது, சீமெந்தோடு சேர்த்தால் அதை இறுக்கிப் பிடிக்கும். இதே காரணத்துக்காக டென்மார்க்கில் கூரைத் தகட்டில் மட்டுமல்லாமல் ரைல்ஸ் ஒட்டும் பசையிலும், இடைவெளி நிரப்பும் சாந்திலும், குளியலறைச் சுவருக்கு அடித்த சாம்பல் நிறப் பலகைகளிலும்கூட இதைக் கலந்தார்கள். சுவரில் பூசிய பசை வழிந்து இறங்காமல் நிற்க இந்த நார்கள் உதவின.

1972 இல் டென்மார்க் அஸ்பெஸ்டஸைக் காப்புப் பொருளாகப் பயன்படுத்துவதைத் தடை செய்தது. 1980 இல் பொதுவான தடை வந்தது. ஆனால் சில பொருட்களுக்கு விலக்குக் கொடுக்கப்பட்டிருந்ததால் 1980களின் இறுதிப் பகுதிவரை அது முற்றாக மறையவில்லை. ஆகவே நடைமுறையில் ஒரு எல்லையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 1990க்கு முன் ஒட்டிய ரைல்ஸ் என்றால், பசையில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம் என்ற எண்ணத்தோடுதான் அதை அணுக வேண்டும். வீடு 1965 இல் கட்டியதாக இருந்து குளியலறையை 2003 இல் புதுப்பித்திருந்தால் கவலை குறைவு. ஆனால் பழைய ரைலின் மேலேயே புதிய ரைலை ஒட்டியிருக்கிறார்களா என்பதையும் பார்க்க வேண்டும்.

சுவரில் அசையாமல் ஒட்டியிருக்கும்வரை இந்தப் பசை எவருக்கும் தீங்கு செய்யாது. அதை உடைக்கும்போது, துளையிடும்போது, மெஷினால் தேய்க்கும்போது நார்கள் காற்றில் கலக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுண்ணிய அந்த நார்கள் மூச்சோடு உள்ளே போய் நுரையீரலின் ஆழத்தில் தங்கிவிடுகின்றன. உடனே இருமல் வராது, காய்ச்சல் வராது. இருபது, முப்பது, நாற்பது வருடங்கள் கழித்து நுரையீரல் புற்றுநோயாகவோ, நுரையீரலைச் சூழ்ந்த சவ்வில் வரும் மெசோதெலியோமா என்ற புற்றுநோயாகவோ வெளிப்படலாம். ஒருநாள் வேலையால் நிச்சயம் நோய் வரும் என்பது இதன் பொருளல்ல. சுவாசிக்கும் அளவு கூடக்கூட ஆபத்தும் கூடும். ஆனால் இவ்வளவு வரை பாதுகாப்பு என்று சொல்லக்கூடிய எல்லை எதுவும் கண்டறியப்படவில்லை.

டென்மார்க்கிலேயே இதற்குக் கசப்பான சாட்சி உண்டு. ஓல்போர்க் நகரில் 1928 முதல் அஸ்பெஸ்டஸ் சீமெந்துத் தகடு செய்யும் தொழிற்சாலை ஒன்று இயங்கியது. அங்கே வேலை செய்தவர்கள் நோயுற்றார்கள் என்பது முன்பே தெரிந்த விடயம். 2019 இல் வெளியான டெனிஷ் ஆய்வொன்று, அந்தத் தொழிற்சாலைக்கு அருகே இருந்த பாடசாலைகளில் படித்த பிள்ளைகளுக்கும் பின்னாளில் மெசோதெலியோமா வரும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகமாக இருந்ததைக் காட்டியது. வேலை உடுப்பை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அதை உதறித் துவைத்த மனைவிமாருக்கு நோய் வந்த சம்பவங்கள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன. எனவே சுத்தியல் பிடிப்பவர் மட்டுமன்றி, பக்கத்து அறையில் விளையாடும் பிள்ளையும் இந்தக் கணக்கில் வருகிறது.

கிரின்ஸ்டெட்டில் இருப்பவர்களுக்குக் கண்ணுக்குத் தெரியாத நஞ்சு பற்றி அதிகம் விளக்கத் தேவையில்லை. 1924 இல் தொடங்கிய கிரின்ஸ்டெட் இரசாயனத் தொழிற்சாலையின் கழிவுகள் ஊரின் நிலத்தடி நீரிலும் ஆற்றிலும் கலந்தன. 1956 முதல் 1973 வரை அதன் கழிவுநீரை மேற்குக் கடற்கரையில் உள்ள கேர்கோர்ட் மணல்மேட்டுக் காட்டில் கொண்டுபோய் ஊற்றினார்கள். அன்று அது சாதாரண வேலையாகத்தான் கருதப்பட்டது. அதைச் சுத்தம் செய்யும் பொறுப்பு அடுத்த தலைமுறைகளின் மேல் விழுந்தது. ஒரு குளியலறையை அதோடு ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் தெரியாமல் செய்ததன் விலையைப் பிறகு வருபவர்கள் கொடுப்பார்கள் என்ற பாடம் இரண்டுக்கும் பொது.

முதல் வேலை: வீட்டின் வயதைப் பார்ப்பது

வேலை தொடங்க நல்ல நாள் பார்ப்பவர்கள், அதற்கு முன் வீட்டின் வயதைப் பாருங்கள். டென்மார்க்கில் ஒவ்வொரு வீட்டின் விபரமும் பே.பே.ஏர். எனப்படும் கட்டிடப் பதிவேட்டில் உள்ளது. முகவரியைக் கொடுத்தால் வீடு கட்டிய வருடமும், பெரிய மாற்றம் செய்து பதிவாகியிருந்தால் அந்த வருடமும் இணையத்தில் இலவசமாகத் தெரியும். பழைய வரைபடங்களைக் கொம்யூனின் கட்டிட ஆவணங்களில் பார்க்கலாம். 2007 இல் கிரின்ஸ்டெட் கொம்யூன் பில்லுண்டோடு இணைந்தபடியால், இன்று கிரின்ஸ்டெட்டில் இருப்பவர்கள் பில்லுண்ட் கொம்யூனில்தான் இதைக் கேட்க வேண்டும். டெனிஷ் வாசிக்கச் சிரமப்படும் பெற்றோருக்குப் பிள்ளைகள் பத்து நிமிடத்தில் இதை எடுத்துக் கொடுப்பார்கள்.

வீடு வாங்கும்போது கிடைத்த வீட்டு நிலை அறிக்கையை, அதாவது தில்ஸ்டன்ஸ்ரப்போர்ட்டை, நம்பி இருந்துவிடாதீர்கள். அது கண்ணால் பார்த்து எழுதும் அறிக்கை. பசையை ஆய்வுகூடத்துக்கு அனுப்பிப் பார்க்கும் வேலை அதில் பொதுவாக அடங்காது.

நீங்கள் இருப்பது வீட்டுச் சங்கத்தின் வாடகை வீடு என்றால், சுவரில் கை வைக்குமுன் சங்கத்திடம் எழுத்தில் கேளுங்கள். குடியிருப்பவர் தன் வீட்டில் மாற்றம் செய்வதற்கு றோதரெட் என்ற உரிமை உண்டு. ஆனால் அதற்கும் விதிகள் உள்ளன. கேட்காமல் உடைத்தால், வீட்டை விட்டுப் போகும்போது அந்தச் செலவு உங்கள் தலையில் விழலாம்.

இரண்டாவது வேலை: பசையைச் சோதிப்பது

ரைல்ஸ் 1990க்கு முன்னையது என்றோ, எப்போது ஒட்டியது என்று தெரியாது என்றோ இருந்தால், சோதனை செய்யாமல் உடைக்கக் கூடாது. பார்வையாலோ மணத்தாலோ அனுபவமுள்ள மேசனின் கண்ணாலோ இதைச் சொல்ல முடியாது. ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டியால்தான் தெரியும். டென்மார்க்கில் இதைச் செய்யும் ஆய்வுகூடங்கள் பல உள்ளன. ஒரு மாதிரிக்குச் சில நூறு குறோனர் வரும். முழுக் குளியலறைக்கு ஆகும் செலவோடு பார்த்தால் அது ஒரு தண்ணீர்க் குழாயின் விலைகூட இல்லை.

மாதிரி எடுப்பதை ஒரு நிபுணரிடம் விடுவது நல்லது. நீங்களே எடுப்பதாக இருந்தால் ஆய்வுகூடத்தின் அறிவுறுத்தலைக் கேட்டு, அதன்படி செய்யுங்கள். பொதுவான முறை இதுதான். பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்துங்கள். பி3 வடிகட்டி உள்ள மாஸ்க்கும் கையுறையும் அணியுங்கள். ஏற்கெனவே தளர்ந்திருக்கும் ஒரு ரைலையோ மூலையில் உள்ள ஒன்றையோ தெரிவு செய்து, பாத்திரம் கழுவும் சவர்க்காரம் சில துளி கலந்த தண்ணீரைத் தெளித்து நன்றாக ஈரமாக்குங்கள். ரைலின் முதுகில் பசை ஒட்டியபடி ஒரு சிறு துண்டையும், இடைவெளிச் சாந்தில் கொஞ்சத்தையும் தனித்தனியாக எடுத்து, ஒவ்வொன்றையும் இரண்டு பொலித்தீன் பைகளுக்குள் போட்டு மூடி, எந்தச் சுவரில் எடுத்தது என்று எழுதுங்கள். உடைத்த இடத்தை ஈரத் துணியால் துடைத்து, டேப் ஒட்டி மூடிவிடுங்கள். அந்தத் துணியையும் பையில் கட்டுங்கள். குளியலறைக்கு ஒன்றும் குசினிக்கு ஒன்றுமாகத் தனி மாதிரி தேவை. வேறு வேறு காலத்தில் ஒட்டியிருக்கலாம் அல்லவா?

இன்னொரு பொருளையும் கவனியுங்கள். 1950 முதல் 1977 வரை டென்மார்க்கில் மூலைகளையும் யன்னல் ஓரங்களையும் அடைக்கும் இறப்பர் போன்ற மென்மையான பசைகளில் பி.சி.பி. என்ற நச்சுப் பொருள் கலக்கப்பட்டது. அந்தக் காலத்து மென்பசை உங்கள் சுவரில் இருந்தால் அதையும் சோதிக்கக் கொடுங்கள். பழைய ரைல்ஸின் மினுமினுப்பான மேற்பூச்சில் ஈயம் இருக்கவும் வாய்ப்புண்டு. கழிவைக் கொட்டும்போது இது முக்கியமாகும்.

அஸ்பெஸ்டஸ் இருக்கிறது என்று வந்தால்

பயப்பட வேண்டாம். ஆனால் நிறுத்துங்கள். உங்களுக்கு இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது வழி, தகுதி பெற்ற நிறுவனத்தை அழைப்பது. அஸ்பெஸ்டஸ் அகற்றும் நிறுவனங்களுக்கு டென்மார்க்கில் தனி அனுமதி வேண்டும் என்ற முறை 2025 இல் நடைமுறைக்கு வந்தது. அவர்கள் அறையை அடைத்து, காற்றை உள்ளிருந்து வடிகட்டி வெளியேற்றி, பாதுகாப்பு உடையுடன் வேலை செய்வார்கள். செலவு அதிகம்தான். விலைமதிப்பை இரண்டு மூன்று இடங்களில் எழுத்தில் வாங்குங்கள். வேலை முடிந்ததும் கிடைக்கும் பத்திரங்களைக் கவனமாக வையுங்கள். வீட்டை விற்கும்போது அவை பேசும்.

எம்மவர்களிடையே ஒருவருக்கொருவர் உதவி செய்யும் நல்ல பழக்கம் இருக்கிறது. கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் அது எங்களைத் தாங்குகிறது. ஆனால் அஸ்பெஸ்டஸ் சுவரை உடைக்க நண்பரை அழைப்பது உதவி கேட்பதாகாது. ஆபத்தைப் பங்கு போடுவதாகத்தான் முடியும். ரசீது இல்லாமல் கைக்காசுக்குச் செய்விப்பதும் அப்படியே. ஏதும் நடந்தால் காப்புறுதியும் இல்லை, கேட்க ஆளும் இல்லை.

இரண்டாவது வழி, கழற்றாமல் விடுவது. ரைல்ஸ் உறுதியாக ஒட்டியிருந்து, சுவரில் ஈரமும் இல்லை என்றால், அதன்மேல் புதிய ரைலையோ வேறு மேற்பரப்பையோ போடுவதற்கு முறைகள் உள்ளன. பசை உள்ளேயே அடைபட்டிருக்கும். ஆனால் சுவர் அந்தக் கூடுதல் பாரத்தைத் தாங்குமா, ஈரத்தடுப்புப் படை எங்கே வரவேண்டும் என்பதை ஒரு மேசனிடம் கேட்டே தீர்மானிக்க வேண்டும். பழைய ரைலில் துளையிட்டாலும் நார் வெளிவரும் என்பதால் கண்ணாடி, அலமாரி மாட்டும் இடங்களையும் முன்பே யோசியுங்கள். உள்ளே அஸ்பெஸ்டஸ் இருப்பதை எழுதி வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். நாளைக்கு அந்தச் சுவரை உடைக்கப் போகிறவர் உங்கள் மகனாகவோ மகளாகவோ இருக்கலாம்.

அஸ்பெஸ்டஸ் இல்லை என்று வந்தால்

இனி வேலைக்கு வரலாம். முதலில் சுவர் எதனால் ஆனது என்று அறிய வேண்டும். சுவரின் மறுபக்கத்தில், ரைல் இல்லாத இடத்தில், சிறிய துளை போட்டால் வரும் தூள் சொல்லிவிடும். அங்கே போடுமுன் உள்ளே வயரும் குழாயும் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சிவப்புத் தூள் என்றால் செங்கல். சாம்பல் கலந்த வெள்ளையில், துளைப்பான் வெண்ணெயில் போவது போலப் போனால் அது காஸ்பெற்றோன் என்ற காற்றுக்குமிழ்ச் சீமெந்துக் கல். அந்தக் காலத்துப் பல வீடுகளில் உட்சுவர்கள் இதுதான். வெள்ளைத் தூள் கொஞ்சமாக வந்து உடனே வெற்றிடம் என்றால் மரச்சட்டத்தில் அடித்த கிப்ஸ் பலகை.

செங்கல் சுவர் அடியைத் தாங்கும். பழைய காலத்தில் ஒன்று ஒன்றரைச் சென்ரிமீற்றர் தடிப்பான சாந்தில் ரைலைப் பதித்திருந்தால், ரைலும் சாந்தும் சேர்ந்தே பாளமாக வரும். காஸ்பெற்றோன் மென்மையானது. வேகமாக அடித்தால் ரைலோடு சுவரிலும் பள்ளம் விழும். அகலமான உளியும் மெதுவான தட்டலும்தான் அதற்குச் சரி. கிப்ஸ் பலகையில் ஒட்டிய ரைலை ஒவ்வொன்றாகக் கழற்ற முயல்வது வீண். மேல் கடதாசி கிழிந்து பலகை பழுதாகிவிடும். பலகையையே துண்டுகளாக அறுத்து எடுத்து, ஈர அறைக்கு உரிய புதிய பலகை போடுவது சுலபமும் மலிவும் ஆகும்.

தயாரிப்பு

மின்சாரத்தை மின்பெட்டியில் நிறுத்துங்கள். அந்த அறையின் இணைப்பில் மின்சாரம் இல்லை என்பதைச் சோதித்து உறுதி செய்யுங்கள். தண்ணீரைப் பிரதான வால்வில் மூடுங்கள். வால்வு எங்கே என்று தெரியாவிட்டால் வேலை தொடங்கும் நாளுக்கு முன்பே தேடிப் பிடியுங்கள். குழாய்க்கு நேர் மேலும் கீழும், மின் செருகிக்கு நேர் மேலும் கீழும் சுவருக்குள் குழாயோ வயரோ போகும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். அவற்றைக் கண்டுபிடிக்கும் சிறிய கருவி கட்டிடப் பொருள் கடைகளில் கிடைக்கும்.

நிலத்தில் உள்ள தண்ணீர் போகும் துவாரத்தைத் துணியால் இறுக அடையுங்கள். உள்ளே போகும் சாந்து அங்கேயே இறுகினால் குழாய் முழுவதும் அடைத்துவிடும். காற்றுப் போக்கியை மூடி, கதவுக்குப் பொலித்தீன் திரை கட்டி, ஓரங்களை டேப்பால் ஒட்டுங்கள். யன்னல் இருந்தால் திறந்து வையுங்கள்.

அஸ்பெஸ்டஸ் இல்லாவிட்டாலும் இந்தத் தூசி நல்லதல்ல. ரைலிலும் சீமெந்திலும் உள்ள குவார்ட்ஸ் என்ற மணல்பொருளின் நுண்தூசி நுரையீரலைக் கெடுக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும். ஆகவே பி3 மாஸ்க் இங்கேயும் தேவை. மாஸ்க் முகத்தோடு ஒட்டி நிற்க வேண்டும். தாடி இருந்தால் ஓரத்தால் தூசி உள்ளே போகும். விரதத்துக்குத் தாடி வளர்ப்பவர்கள் விரதம் முடிந்தபின் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். உடைந்த ரைல் சவர அலகு போல வெட்டும். கண்ணாடி, தடித்த கையுறை, நீளக்கைச் சட்டை, காதுக் காப்பு, கனமான சப்பாத்து என எல்லாம் அணியுங்கள்.

கழற்றும் முறை

ஒரு பகுதியை மட்டும் கழற்றுவதானால், எல்லையில் உள்ள இடைவெளிச் சாந்தை முதலில் முழு ஆழத்துக்கும் சுரண்டி எடுங்கள். அப்படிச் செய்யாவிட்டால், நீங்கள் அடிக்கும் அதிர்வு விட்டுவைக்க நினைத்த ரைலையும் வெடிக்க வைக்கும்.

மேல் வரிசையில், ஓரம் திறந்திருக்கும் இடத்தில் தொடங்குங்கள். கீழிருந்து தொடங்கினால் மேலே உள்ளவை பிடிமானம் இழந்து தலைமேல் விழலாம். ஓரம் எதுவும் திறந்திருக்காவிட்டால், ஒரு ரைலின் சுற்றுச் சாந்தைச் சுரண்டி, அதன் நடுவில் தட்டி உடைத்து, துண்டுகளை எடுத்து வழி உண்டாக்குங்கள். பிறகு அகலமான உளியை ரைலுக்கும் பசைக்கும் இடையில் சாய்வாக வைத்து, மெதுவாகப் பல தடவை தட்டுங்கள். உளி சுவருக்கு நேராக நின்றால் சுவருக்குள் போகும். சாய்ந்து நின்றால் ரைலைக் கிளப்பும். தட்டும்போது தண்ணீர் தெளித்துக்கொண்டிருங்கள். தூசியில் பெரும்பகுதி அங்கேயே அமரும்.

மின்சார உளி இயந்திரம் வாடகைக்குக் கிடைக்கும். செங்கல் சுவருக்கு அது உதவும். ஆனால் உட்சுவர்கள் பல மெல்லியவை. அதிர்வால் மறுபக்கத்துப் பூச்சு வெடித்து, அங்கே மாட்டியிருக்கும் படங்களும் விழும். எனவே மறுபக்க அறையையும் முதலில் பாருங்கள்.

ரைல் போனபின் சுவரில் மிஞ்சும் பசைதான் பொறுமையைச் சோதிக்கும். ஈரமாக்கிச் சுரண்டக் கூடியதைச் சுரண்டுங்கள். தேய்க்கும் இயந்திரம் கட்டாயம் தேவை என்றால், தூசி உறிஞ்சும் மூடியும், எம் வகுப்பு எனப்படும் கட்டிட வேலைக்குரிய வக்கியூம் கிளீனரும் சேர்த்து வாடகைக்கு எடுங்கள். வீட்டில் பாவிக்கும் சாதாரண வக்கியூம் கிளீனர் நுண்தூசியை ஒரு பக்கத்தால் இழுத்து மறு பக்கத்தால் வீடெங்கும் ஊதும். அதேபோல் தும்புத்தடியால் உலர்ந்த தூசியைக் கூட்டாதீர்கள். வேலை உடுப்பை வீட்டு உடுப்போடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.

எவ்வளவு பாரம், எங்கே கொட்டுவது?

கழிவின் பாரத்தை எல்லோரும் குறைத்தே மதிப்பிடுகிறோம். ரைலும் பசையும் சேர்ந்து சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 20 கிலோ என்று வையுங்கள். 20 சதுர மீற்றர் சுவர் உள்ள சிறிய குளியலறையில் அது 400 கிலோ. ஒன்றரைச் சென்ரிமீற்றர் சாந்துப் படையும் சேர்ந்து வந்தால் சதுர மீற்றருக்கு இன்னும் 30 கிலோ கூடும். மொத்தம் 1,000 கிலோ, அதாவது ஒரு தொன்.

இந்த ஒரு தொன் என்ற கணக்கு முக்கியமானது. கட்டிடக் கழிவு ஒரு தொன்னுக்கு மேல் வரும் என்றால், வேலை தொடங்குவதற்கு இரண்டு கிழமைக்கு முன் கொம்யூனுக்கு அறிவிக்க வேண்டும். 1950 முதல் 1977 வரை கட்டிய அல்லது திருத்திய வீடுகளில் பத்துச் சதுர மீற்றருக்கு மேற்பட்ட பகுதியை மாற்றினால் பி.சி.பி. இருக்கிறதா என்று பார்க்கும் கடமையும் வீட்டுக்காரருக்கு உண்டு. அறிவிப்புப் படிவம் இணையத்தில் உள்ளது. உங்கள் வேலைக்கு எது பொருந்தும் என்பதைக் கொம்யூனின் சூழல் பிரிவில் முன்கூட்டியே கேட்டு உறுதி செய்யுங்கள். கேட்பதற்குக் காசு இல்லை.

கிரின்ஸ்டெட்டிலும் கென்புறூஸ்பிளாஸ் என்ற கழிவு ஒப்படைக்கும் நிலையம் உள்ளது. மினுமினுப்புப் பூச்சுள்ள ரைல்ஸைச் சுத்தமான செங்கல், கற்களோடு கலந்து கொட்டாதீர்கள். அவற்றின் ஈயம் கலந்த பூச்சு மீள்பாவனைக்குப் போகும் கல்லைக் கெடுத்துவிடும். எந்தக் கொள்கலனில் போடுவது என்று அங்கே நிற்கும் ஊழியரிடம் கேளுங்கள். அஸ்பெஸ்டஸ் உள்ளது என்றால் அதற்குத் தனிப் பொதியும் தனி இடமும் உண்டு. காரில் இணைக்கும் வண்டி எத்தனை கிலோ தாங்கும் என்பதையும் அதன் பத்திரத்தில் பாருங்கள். பாதி நிரம்பியது போலத் தெரியும்போதே பாரம் எல்லையைத் தாண்டியிருக்கும்.

சுவர் வெறுமையானபின்

புதிய ரைலை அவசரப்பட்டு ஒட்ட வேண்டாம். வெறும் சுவரை நன்றாகப் பாருங்கள். கறுத்த பூஞ்சணம், ஈர மணம், துருப்பிடித்த குழாய், உதிரும் பூச்சு ஆகியவற்றில் எதைக் கண்டாலும் காரணத்தைக் கண்டுபிடித்துத் திருத்தியபின்தான் அடுத்த படி. பல வருடங்களில் இந்தச் சுவரை உள்ளே பார்க்கக் கிடைத்த ஒரே சந்தர்ப்பம் இது. பழைய குழாய்களை மாற்றுவதற்கும் இதுவே நேரம். குழாய் வேலை அனுமதி பெற்ற வே.வே.எஸ். காரருக்கும், மின்சார வேலை அனுமதி பெற்ற மின் வேலைகாரருக்கும் உரியது.

குளியலறையில் ரைலும் இடைவெளிச் சாந்தும் தண்ணீரைத் தடுப்பதில்லை. அவற்றுக்குப் பின்னால் பூசும் ஈரத்தடுப்புப் படைதான் தடுக்கிறது. டெனிஷில் வோட்ரும்ஸ்மெம்பிரான் என்று கேட்டால் கடையில் தருவார்கள். அந்தக் காலத்து வீடுகள் பலவற்றில் இப்படி ஒரு படையே கிடையாது. விதிப்படி அதைப் போடாவிட்டால் தண்ணீர் சுவருக்குள் இறங்கும். அதனால் வரும் சேதத்துக்குக் காப்புறுதி நிறுவனம் கைவிரிக்கவும் கூடும். ரைல் ஒட்டுவதை நீங்கள் செய்தாலும், இந்தப் படையைத் தெரிந்தவர் ஒருவரிடம் கொடுங்கள். மூடுமுன் சுவரையும் குழாய்கள் போகும் இடங்களையும் அளவுகோலோடு படம் எடுத்து வையுங்கள்.

சுருக்கமாக, வீட்டின் வயதைப் பாருங்கள். பசையைச் சோதியுங்கள். சுவர் எதனால் ஆனது என்று அறியுங்கள். கொம்யூனில் கேளுங்கள். அதன்பின் சுத்தியலை எடுங்கள். முதல் நான்குக்கும் சேர்த்து இரண்டு மூன்று கிழமைகளும் சில நூறு குறோனரும் போகலாம். வீட்டுக் கடனை இருபது முப்பது வருடங்கள் கட்டப்போகும் எங்களுக்கு அது நீண்ட காலமல்ல. இந்தப் பக்கத்தை வெட்டி வீட்டுப் பத்திரங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வீடு வாங்கியிருக்கும் உறவினருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

அடுத்த மாத உரையில் மீண்டும் சந்திப்போம்.